லேடீஸ் லைனில் வாங்கிய நான்கு டிக்கெட்

நான்கு கிரிக்கெட் டிக்கெட்டுகளைக் கள்ள விலைக்கு விற்றேன். விற்றுவிட்டு, பஸ்ஸில் எவனோ பாக்கெட் அடித்துவிட்டான் என்று சொன்னேன். அவற்றில் இரண்டு என்னுடையவை அல்ல. சரியாகச் சொன்னால், நான்கையுமே வரிசையில் நின்று வாங்கியவர் என் பிரிவில் உதவியாளராக வேலை பார்த்த ஒரு பெண்மணி. அந்த ஆட்டம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விற்றேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் வருவதைப் படிக்கும்போது என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிடலாம். எழுதுகிறவனுக்குத் தன் பக்கம் சாய்த்து எழுதும் புத்தி எப்போதும் உண்டு. அரசாங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குறிப்பு எழுதியவனுக்கு அது இன்னும் அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் பிரிவு அதிகாரி. வீடு மயூர் விஹாரில், கூட்டுறவுச் சங்கம் கட்டிய ஃப்ளாட். பதுக்கலையும் கள்ளச் சந்தையையும் பற்றிக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. சர்க்கரை, சமையல் எண்ணெய், சிமெண்ட் எது பதுங்கினாலும் கோப்பு எங்கள் மேஜைக்கு வரும். ‘தட்டுப்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ளும் சமூக விரோதிகள்’ என்று பல கோப்புகளில் நான் எழுதியிருக்கிறேன். கை கூசியதில்லை.

அந்தப் பெண்மணி மதுரைப் பக்கத்துக்காரர். கல்லூரி அணியில் விக்கெட் கீப்பராக இருந்தவர். எப்போதோ பந்து பட்டு வலது கை சுண்டுவிரல் வளைந்து, பிறகு நிமிரவே இல்லை. டைப் அடிக்கும்போது அந்த விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தூக்கி நிற்கும். கணவர் விமானப்படையில் சார்ஜெண்ட். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

பிரிவில் இருந்த ஆண்களுக்கு அவருடைய கிரிக்கெட் ஒரு பொழுதுபோக்கு. ஆட்டம் நடக்கும் நாள்களில் யாராவது சீண்டுவார்கள்.

“மேடம், கல்லூரியில பிளாஸ்டிக் பந்தா, நிஜப் பந்தா?”

அவர் டைப் அடிப்பதை நிறுத்தமாட்டார். “வாங்க சார், எறியிறேன். பிடிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கீப்பர் ஒரு கேட்சை விட்டால் ஏன் விட்டார் என்று அவர் சொல்லும்போது எல்லாரும் காது கொடுத்துக் கேட்போம். மாலையில் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் மகள் டென்னிஸ் பந்தை வீச, புடவையைச் செருகிக்கொண்டு இவர் பிடிப்பாராம். “என்னைய மாதிரி அவளுக்கும் பித்து சார். ஸ்கோர் கேக்காம தூங்க மாட்டா” என்பார்.

இவ்வளவு இருந்தும் அவர் ஒரு பெரிய ஆட்டத்தைக்கூட மைதானத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஊரில் இருந்தவரை அப்பா விடவில்லை. டில்லிக்கு வந்த பிறகு கணவர், “அந்தக் கூட்டத்துல பொம்பளைங்க போக முடியுமா? தள்ளுமுள்ளுல ஏதாவது ஆச்சுன்னா?” என்று தட்டிக் கழித்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அந்தக் காலத்து டில்லி கூட்டத்தை அறிந்தவர்களுக்கு அது புரியும்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் கோட்லா மைதானத்தில் ஒருநாள் ஆட்டம் அறிவித்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் கணவருக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல் வந்தது. ஆட்டம் முடிந்து சில வாரங்களில் குடும்பம் டில்லியை விட்டுக் கிளம்ப வேண்டும். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை என்று அவர் வீட்டில் பிடிவாதம் பிடித்திருக்கிறார். கணவருக்கு அன்று ட்யூட்டி. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: நானும் என் மனைவியும் கூடவே போய், அம்மாவையும் பெண்ணையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

“உங்க பேரைச் சொன்னதும்தான் சார் ஒத்துக்கிட்டாரு” என்றார் அவர். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நாள்களில் டிக்கெட்டை வங்கிக் கிளைகளில் விற்பார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை. ஆண்கள் வரிசை தெருமுனை தாண்டிப் போகும். லேடீஸ் லைன் குட்டையாக இருக்கும். அதனால் டிக்கெட் வேண்டும் என்கிற ஆண்கள் வீட்டிலிருக்கும் பெண்களை அழைத்து வந்து நிறுத்துவார்கள். கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத மாமியார்களும் அத்தைகளும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மட்டர் பனீர் பற்றிப் பேசியபடி நிற்பார்கள். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். டிக்கெட் யாருக்கு என்று எவரும் கேட்டதில்லை. வரிசையில் நிற்பது பெண்கள், ஆட்டம் பார்ப்பது ஆண்கள். அன்று அந்த லைனில் தனக்காகவே நின்ற பெண் இவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

நானும் போனேன். ஆண்கள் வரிசையில் நின்றேன். மூடுபனி விலகுவதற்குள் வரிசை இரண்டு முறை உடைந்தது, போலீஸ் தடியைச் சுழற்றியது, நான் இருந்த இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டேன். ஜன்னலை மூடிவிட்டார்கள் என்று சத்தம் கேட்டபோது வங்கியின் வாசல்கூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரமாக வந்து நின்றேன். அந்த அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார். ஜடை அவிழ்ந்திருந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. கையில் நான்கு டிக்கெட்.

“ஆளுக்கு நாலு குடுத்தான் சார்! ஒருத்தி முட்டிக்கையால இடிச்சா. நான் கீப்பர், விடுவேனா? ரெண்டு பக்கமும் முட்டிக்கையைக் கட்டையாக் குடுத்துட்டேன்ல.”

என் பங்கு இரண்டு டிக்கெட்டுக்குப் பணத்தைக் கொடுத்தேன். அவர் நான்கையும் என்னிடமே நீட்டினார். “நீங்களே வச்சுக்கோங்க சார். வீட்டுல இருந்தா என் மக எடுத்துப் பாத்துப் பாத்தே கிழிச்சுருவா.” பிறகு ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே ஆட்டோ ஏறினார்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு, மைதானத்தை ஒட்டிய டெல்லி கேட் பக்கம் நடந்தேன். விலை எப்படிப் போகிறது பார்ப்போம் என்ற ஆவல்தான். தொழில் புத்தி என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைதானத்துச் சுவரோரம் பத்துப் பதினைந்து பேர் சும்மா நிற்பதுபோல் நின்றிருந்தார்கள். பக்கத்தில் போனால் உதடு அசையாமல், “டிக்கெட் ஹை? டிக்கெட் சாஹியே?” என்று, இருக்கிறதா, வேண்டுமா எனக் கேட்டார்கள். காலையில் ஒரு விலையாம், மாலையில் ஒரு விலை. ஒரு பெரிய கோஷ்டி வந்து கேட்டதும் இன்னும் ஏறியது. நான் வருஷக்கணக்கில் காகிதத்தில் எழுதியதெல்லாம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

டிக்கெட் இருந்த சட்டைப் பையை நான் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதர் என்னிடம் வந்தார். சாந்தினி சௌக்கில் துணிக்கடை வைத்திருப்பவர் என்று அவரே சொன்னார். பின்னால் மாருதி காரில் மூன்று பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெஞ்சுவதுபோல் பேசினார். அச்சடித்த விலையைப் போலப் பத்து மடங்கு தருவதாகச் சொன்னார்.

என் மனைவிக்கு ஆட்டத்தில் ஆசை கிடையாது. எனக்கும் அப்படியொன்றும் பெரிய ஆசை இல்லை. எங்கள் இரண்டையும் தருகிறேன் என்றேன். கொண்டுபோய் விடுவதற்கு மட்டும் நான் வாசல் வரை போகலாம், உள்ளே அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று அதற்குள் மனசில் ஒரு ஏற்பாடும் செய்துவிட்டேன்.

துணிக்கடைக்காரர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “நாங்க நாலு பேர், பாயி சாப். பசங்களைத் தனியா உட்கார வைக்க முடியாது. நாலும் சேர்ந்து இருந்தா எடுத்துக்கறேன். இல்லாட்டி வேண்டாம்.” ஹிந்தியில்தான் சொன்னார். பணத்தை எண்ணிக் கையில் பிடித்திருந்தார்.

அந்த ஒரு நிமிஷம் நான் நினைத்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு அந்தக் கூட்டம் ஆகாது. கணவருக்கும் உள்ளூர இஷ்டமில்லை. டிவியில் இதைவிட நன்றாகத் தெரியும். பெண்பிள்ளைதானே, இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்துவிடுவார். ஒவ்வொன்றும் ஒரு கோப்புக் குறிப்புபோல ஒழுங்காக வந்து நின்றது. நான்கையும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் அந்த அம்மா பையைக்கூட வைக்கவில்லை, அதற்குள் சொன்னேன்.

“என்னம்மா சொல்றது... நேத்து பஸ்ல பாக்கெட் அடிச்சுட்டான்.”

அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு கேட்டார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்? பிளேடு கிளேடு போட்டானா?”

“இல்ல.”

“பர்ஸும் போயிருச்சா?”

போகவில்லை என்றால் டிக்கெட் மட்டும் எப்படிப் போகும்? “ஆமா” என்றேன்.

“பஸ் பாஸ்?”

“அதுவும்தான்.”

பர்ஸ் என் பேண்ட்டின் பின்பாக்கெட்டில் இருந்தது. உட்கார்ந்தபோது உறுத்தியது. அன்று முழுக்க அதை வெளியே எடுக்க முடியவில்லை. கேண்டீனில் அந்த அம்மாதான் என் டீக்குப் பணம் கொடுத்தார். ஒரு சீனியர், பர்ஸை எந்தப் பாக்கெட்டில் வைக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பு எடுத்தார். புது பாஸுக்கு விண்ணப்பத்தை நான் கேட்காமலேயே அந்த அம்மா டைப் அடித்துக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சுண்டுவிரல் தூக்கி நிற்க அடித்த விண்ணப்பம்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார். “போகட்டும் விடுங்க சார். எடுத்தவனாவது போய் மேட்ச் பாக்கட்டும். யாரோ ஒருத்தர் பாத்தாச் சரி.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் டிவியைப் போடவில்லை. பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து கூச்சல் சுவர் வழியாக வந்தது. மனைவியிடம் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். பணத்துக்குக் காரணமாக ‘அரியர்ஸ் வந்தது’ என்றேன். அரசாங்க ஊழியர் வீட்டில் அந்த ஒரு வார்த்தை போதும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அந்தப் பணத்தில் குளியலறைக்கு ஒரு கீசர் வாங்கினோம். அதற்கு முன்னால் இமர்ஷன் ராடு போட்டு வாளியில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தோம். மனைவிக்கு ரொம்ப நாள் ஆசை அது.

அந்த அம்மாவும் குடும்பமும் அஸ்ஸாமுக்குக் கிளம்பும் முன் அலுவலகத்தில் வழியனுப்பு வைத்தோம். சமோசா, பர்ஃபி. நான்தான் பேசினேன். முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே, “டில்லில எல்லாம் பாத்தாச்சு சார், மேட்ச் ஒண்ணுதான் பாக்கி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டுகளை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் ஓய்வு பெற்றேன். ஒருநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து, “சார்! அடையாளம் தெரியுதா?” என்று ஒரு குரல். அந்த அம்மாதான். தலை பாதி நரைத்திருந்தது. கணவரும் கூட இருந்தார். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று டில்லியிலேயே ஒரு தனியார் கம்பெனியில் வேலை. அந்த அம்மாவுக்கும் மாற்றல் கிடைத்துவிட்டது. குவார்ட்டர்ஸ் மார்க்கெட் பக்கத்தில்தான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். கிளம்பும்போது அவர் கணவரிடம் சொன்னார். “இவர்தாங்க நம்ம சார். பாவம், அன்னைக்கு நம்ம டிக்கெட்டோட பர்ஸையும் தொலைச்சாரே.”

கணவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்ப அந்த கீசரு?”

“அதுதான்.”

“அடப்பாவி மனுஷா! அது ஓட்டை விழுந்து தூக்கிப் போடற வரைக்கும் அந்தத் தண்ணியிலதானே நான் குளிச்சேன்? என்னையும்ல சேர்த்துவிட்டுட்டீங்க!” எழுந்து போய்க் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு சமையலறையிலிருந்தே சொன்னாள். “போய்ச் சொல்லிடுங்க. வெறுங்கையோட போகாதீங்க.”

அடுத்த சீசனில் கோட்லாவில் ஆட்டம் வந்தது. இந்தத் தடவை யாரையும் அனுப்பவில்லை. முதியோருக்குத் தனி வரிசை வைத்திருந்தார்கள். விடிவதற்கு முன் போய் நின்றேன். முன்னால் நின்ற சர்தார்ஜி மடக்கு ஸ்டூல் கொண்டுவந்திருந்தார். பாதி நேரம் எனக்குக் கொடுத்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் தெருவுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது லேடீஸ் லைன் வேலையைக் கிழவர்கள் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டுதான். வாங்கிக்கொண்டு திரும்பியபோது மூன்று பேர் வழிமறித்து விலை சொன்னார்கள். ஒருவன் சொன்ன விலையைக் கேட்டு, இந்த வயதிலும், மனசு ஒரு தடவை பெருக்கிப் பார்த்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று மாலையே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கணவர் கதவைத் திறந்தார். கணவனும் மனைவியும் உட்கார்ந்ததும், சுற்றி வளைக்காமல் சொன்னேன். விற்றதை, விலையை, கீசரை, பின்பாக்கெட்டில் உறுத்திய பர்ஸை. கடைசியில் டிக்கெட்டுகளை மேஜைமேல் வைத்தேன்.

பிறகு கணவர் மனைவி பக்கம் திரும்பினார். “நான் அப்பவே சொன்னேன்ல?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.” என்னைப் பார்த்துச் சொன்னார். “அன்னைக்கு ராத்திரி இவரு சொன்னாரு சார், ‘உங்க ஆபீசர் வித்திருப்பாரு’ன்னு. ‘எங்க சாரைப் பத்தி அப்புடிப் பேசாதீங்க’ன்னு சண்டை போட்டேன். அஸ்ஸாம் போற ரயில்லகூட இவர்கிட்ட முகம் குடுத்துப் பேசல. இத்தனை வருசமா இந்தப் பேச்சு வந்தாலே நான் உங்க பக்கம் நின்னு பேசியிருக்கேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க. உங்க பக்கம் நான் நின்னதை எப்புடிச் சார் திருப்பிக் குடுப்பீங்க?”

மேஜைமேல் இருந்த டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவர் தர்மசங்கடமாகத் தொண்டையைக் கனைத்தார். “விடு. நானும் சும்மா உன்னை வெறுப்பேத்தத்தான் சொன்னேன். நெஜமாவே வித்திருப்பார்னு நெனைக்கல.”

அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அந்த அம்மா டிக்கெட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அச்சடித்த விலையைப் படித்தார். உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். இரண்டு டிக்கெட்டின் விலை, சில்லறை உட்பட. என் முன்னால் வைத்தார்.

“வேண்டாம்மா. இது நான்...”

“இனாமா வேணாம் சார். போட்டிருக்க விலை. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. எடுத்துக்கங்க. இல்லாட்டி டிக்கெட்டையும் எடுத்துட்டுப் போங்க.”

எடுத்துக்கொண்டேன். கணவர் போட்ட காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த அம்மா உள்ளேயிருந்து வரவில்லை.

ஆட்டத்தன்று நானும் மனைவியும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் மனைவி, “அதோ பாருங்க, அந்தப் பச்சைப் புடவை?” என்பாள். அத்தனை தலைகளில் யாரைக் கண்டுபிடிப்பது? போனார்களா, அவர்களும் வாசலில் விற்றுவிட்டார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. விற்றிருந்தால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

சில வாரங்கள் கழித்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மறுபடியும் பார்த்தேன். கணவர்தான் முதலில் கையைத் தூக்கினார்.

“போனோம் சார்! என்ன கூட்டம்ங்கறீங்க! இவ பந்தையே பாக்கல. சிக்ஸர் போனாலும் கீப்பரைத்தான் பாத்துட்டு இருந்தா. ‘குனிய மாட்டேங்கறான், குனிய மாட்டேங்கறான்’னு பக்கத்துல இருந்த பஞ்சாபிகிட்ட ஹிந்தியில ஒரே புகார். அந்த ஆளும் அச்சா ஜி, அச்சா ஜின்னு தலையாட்டறாரு.” வாய்விட்டுச் சிரித்தார். “அடுத்த தடவை வரிசையில நின்னா நாலா வாங்கப் பாருங்க. உங்க மிஸஸும் வரட்டும்.”

அந்த அம்மா முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“சீட்டு நல்லா இருந்துச்சு சார். கீப்பருக்கு நேர் பின்னாடி.”

“சந்தோஷம்மா.”

ஒரு காயை ஒடித்துப் பார்த்துக் கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“டிக்கெட்டை என் மககிட்டதான் மொதல்ல நீட்டினேன். அப்பாவுக்குப் பதிலா நீ வாடின்னேன். ‘போர் மம்மி, ஆப் ஜாவோ’ன்னு, நீயே போன்னுட்டா. அவளுக்கு எட்டு வயசுல இருந்த பித்து எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியல.”

பிறகு காய்க்காரரிடம் திரும்பி ஹிந்தியில் விலை கேட்டார். அவர் சொன்ன விலை ஜாஸ்தி. அந்த அம்மா பேரம் பேசவில்லை. கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கணவருக்குப் பின்னால் கூட்டத்துக்குள் நடந்தார்.